சுந்தரம்மாள் கண்ணுக்கு ராஜி கிடையாது

வாடிப்பட்டி
ஆவணி மாதம், 1982

அன்பு மகள் அன்னக்கொடிக்கு அப்பா நல்லகாமன் எழுதுவது. நானும் உன் அம்மாவும் இருக்கிறோம். சுகம் என்று எழுதினால் பொய்யாகிவிடும், அதனால் இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கக் கள்ளழகர் துணை நிற்கட்டும். உன் கடிதம் வந்தது. நானே வாசித்தேன், உன் அம்மாவுக்கும் ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டினேன். கிளப்பில் எழுந்து நின்று ஒரு மன்னிப்புக் கேட்டுவிடுங்கள் அப்பா, ஒரு வார்த்தையில் உங்களுக்கு என்ன குறைந்துவிடப் போகிறது, நான் தலைப்பிரசவத்துக்கு நம் வீட்டுக்கு வர வேண்டாமா என்று கேட்டிருக்கிறாய். எழுதும்போது அழுதிருக்கிறாய் என்பது மை கரைந்திருப்பதிலேயே தெரிகிறது. உன் அம்மா அதைத் தடவித் தடவிப் பார்த்தாள். பதில் எழுத எனக்கு இத்தனை நாள் ஆனது கோபத்தால்தான், உன் மேல் கோபம் இல்லை, உனக்குப் பாதிக் கதையைச் சொல்லி உன்னை என் மேல் ஏவிவிட்டவர்கள் மேல். முழுக் கதையையும் நான் எழுதுகிறேன். உட்கார்ந்து வாசி, நின்றுகொண்டு வாசிக்காதே, கால் வீங்கும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இதைப் பிள்ளைத்தாச்சியிடம் சொல்லக்கூடாது என்று உன் அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள், அதை இன்று மீறுகிறேன். என் இடது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் இப்போது இல்லை. மாப்பிள்ளையின் பெரியம்மா மகன் காளை வீசிய அரிவாளை மறிக்கப் போய் அவை பள்ளிக்கூடத் தரையில் கிடந்தன. நான்தான் பொறுக்கி வேட்டி முந்தியில் முடிந்துகொண்டேன், பெரியாஸ்பத்திரியில் ஒட்ட வைப்பார்கள் என்று நினைத்தேன், அவர்கள் சிரிக்கக்கூட இல்லை. புண் ஆறிவிட்டது. ஸ்பேனர் பிடிக்க வலது கை இருக்கிறது. இதைப் பற்றி உன் மாமனார் வீட்டார் ஒரு வரி எழுதவில்லை பார், காளையின் கை முறிந்ததை மட்டும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள்.

சேவா கிளப்பில் நான் சேர்ந்தது உனக்குத் தெரியும், அப்போது நீ இங்கே இருந்தாய். எண்ணெய் மில் கருத்தக்கண்ணன் நம் ஒர்க்‌ஷாப்புக்கு மாலையோடு வந்து, நல்லகாமண்ணே நீங்க இல்லாம வாடிப்பட்டியில சேவையா என்று கேட்டபோது நானும் வாயெல்லாம் பல்லாகத்தான் நின்றேன். ஐந்தாவதோடு நின்றவன், எழுத்துக் கூட்டிப் படித்ததெல்லாம் இன்ஜின் கம்பெனிக்காரன் கொடுத்த புத்தகமும் பொட்டலம் மடித்த பேப்பரும்தான், அப்படிப்பட்டவனை வக்கீலுக்கும் வாத்தியாருக்கும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைக்கிறார்களே என்று நினைத்தேன். அவர்களுக்கு ஜெனரேட்டர் ஓட்ட ஓர் ஆள் வேண்டியிருந்தது என்பது பிறகுதான் புரிந்தது. புரிந்த பிறகும் நான் விலகவில்லை. வேலை நல்ல வேலை, அதைச் செய்யும் ஆட்களைப் பார்த்து வேலையை ஏன் விட வேண்டும். கப்பலூர்ப் பக்கம் பஸ் கவிழ்ந்த அன்று கிளப்பிலிருந்து ஜீப் நிறையப் போனோம். நசுங்கிக் கிடந்தவர்களைத் தகரத்தை அறுத்து வெளியே இழுத்தவர்களில் நான் ஒருவன், ஒரு பெண்பிள்ளையின் தலை என் மடியிலேயே தொங்கிப் போனது. மறுவாரக் கூட்டத்தில் போட்டோவில் நின்றவர்கள் எல்லாரும் நீலக் கோட்டுப் போட்டிருந்தார்கள், ஒரு கோட்டிலும் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. நான் கோட்டுத் தைத்துக்கொள்ளவே இல்லை. சட்டையில் பேட்ஜைக் குத்திக்கொண்டு போவேன், அவ்வளவுதான்.

சித்திரை முடிந்து பள்ளிக்கூடம் விடுமுறையில் இருக்கும்போது வருஷா வருஷம் கிளப் கண் முகாம் நடத்தும். மதுரையிலிருந்து டாக்டர் வந்து வகுப்பறையிலேயே புரை எடுப்பார். எடுத்துக்கொண்டவர்கள் ஒரு வாரம் இரண்டு கண்ணிலும் கட்டோடு மல்லாக்கப் படுத்திருக்க வேண்டும், புரளக்கூடாது, இருமக்கூடாது, கஞ்சிகூடப் பக்கத்தில் இருப்பவர் ஊற்றிவிட வேண்டும். உறுப்பினர் ஒவ்வொருவரும் நோயாளிகளைத் தேடிப்பிடித்துக் கூட்டிவர வேண்டும் என்பது கிளப் வழக்கம். இன்னொரு வழக்கமும் உண்டு, அதுதான் இத்தனைக்கும் காரணம். ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு புரவலர். கோயிலில் டியூப் லைட் கொடுத்தவன் வெளிச்சத்தையே மறைத்துத் தன் பெயரை எழுதி வைப்பான் இல்லையா, அதுபோல ஒவ்வொரு பாய்க்கு மேலும் சுவரில் உபயம் இன்னார் என்று அட்டை தொங்கும். படுத்திருப்பவன் பெயர் அதில் இருக்காது. ஆனால் ஜீப்பில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிக்கொண்டு ஊர் ஊராய்ப் போகும்போது இரண்டு பெயரையும் சொல்வார்கள், இன்ன ஊர் இன்னாருக்குக் கண் கொடுத்த வள்ளல் இன்னார் என்று. வள்ளலின் சொந்தக்காரர்கள் எந்தெந்த ஊரில் இருக்கிறார்களோ அங்கெல்லாம் ஜீப் போகும்.

இந்த வருஷம் நான் கூட்டிவந்தவர்களில் ஒருவர் பேயாண்டி. உன் மாமனார் வீட்டில் அந்தப் பெயரைச் சொன்னால் காறித் துப்புவார்கள். மடைத் தண்ணீர்த் தகராறில் காளையின் தகப்பனை வெட்டிக் கொன்றவர் அவர்தான். ஆயுள் தண்டனை முடித்து வெளியே வந்து, ஊருக்கு வடக்கே மகள் வீட்டுத் தோட்டத்தில் பெயர் சொல்லாமல் கிடந்தார். அந்தத் தோட்டத்து ஆயில் இன்ஜினைப் பார்க்கப் போனபோது கிணற்று மேட்டில் தடவித் தடவி நடந்து வந்த மனிதரைக் கையைப் பிடித்து நிறுத்தினேன், இன்னும் இரண்டு எட்டு வைத்திருந்தால் உள்ளே விழுந்திருப்பார். கண் முகாமுக்கு வாருங்கள் என்றதற்கு, தான் யார் என்பதை அவரே சொன்னார். எனக்குக் கண்ணு இல்லாம இருக்குறதுதேன்ப்பா நல்லது, எவன் அரிவாளோட வாரான்னு பாத்துக்கிட்டே சாக வேணாம்ல என்று சொல்லிச் சிரித்தார். நான்தான் விடவில்லை. நம் சம்பந்தி வீட்டுக்குப் பகையாளி என்று தெரிந்துதான் கூட்டிவந்தேன். செய்த குற்றத்துக்குச் சர்க்கார் கொடுத்ததை அனுபவித்துவிட்டார், புரை எல்லாருக்கும் விழுவதுபோல்தான் அவருக்கும் விழுந்தது. என் பொறுப்பு என்று அவர் மகளிடம் சொல்லிவிட்டுக் கூட்டிவந்தேன். கிளப் செயலாளர் தனிஸ்லாஸ் வாத்தியாரை வைத்துக்கொண்டே தலைவர் கருத்தக்கண்ணனிடம் விஷயத்தைச் சொல்லி, இந்த ஒரு பெயரை மட்டும் குழாயில் சொல்லாதீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அண்ணே, அந்தக் கண்ணுக்கு உபயம் எம் மச்சினன், அவன் பேரு வரலேன்னா வீட்டுல எனக்குச் சோறு கெடைக்காது, ஒரு கெழவன் பேரைக் கேட்டு எவன் வரப் போறான், போங்கண்ணே, போயி ஜெனரேட்டரைப் பாருங்க. சொன்னதோடு நிற்கவில்லை, ஊர்ப் பெயர், தகப்பன் பெயர் எல்லாம் சேர்த்துச் சொல்ல வைத்தார். அந்த ஜீப் காளை வீட்டுத் தெரு வழியாகவே போயிருக்கிறது.

அன்று மத்தியானம் கிளப்பின் மேலிடத்து ஆள் ஒருவர் வந்திருந்தார் என்று எல்லாரும் கோட்டுப் போட்டுக்கொண்டு விருந்துக்குப் போய்விட்டார்கள். டாக்டரையும் நர்சம்மாவையும்கூட மரியாதைக்காக அழைத்துப் போனார்கள். கோட்டு இல்லாதவனும் சமையல்காரனும்தான் மிச்சம். நான் வராந்தாவில் ஜெனரேட்டரைப் பிரித்துப் போட்டிருந்தேன். கஞ்சி குடித்துவிட்டு எல்லாரும் அசந்து கிடந்தார்கள். காளையும் இன்னும் மூன்று பேரும் கேட்டைத் தாண்டிக் குதித்து வந்தார்கள். காளை கையில் வீச்சரிவாள், மற்றவர்கள் கையில் கம்பு. சமையல்காரன் அண்டாவைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு ஓடினான். நான் வாசலில் நின்று, டேய் காளை, கண்ணைக் கீறிப் படுத்திருக்காகடா, உள்ள போகாத என்றேன். மாமா, ஒதுங்கிக்கங்க, இது ஒங்க சோலி இல்ல என்றான். உன் கல்யாணத்தில் நான் என் கையால் இலை போட்டுப் பரிமாற, உட்கார்ந்து சாப்பிட்டவனடி அவன், அந்த மரியாதை இருக்கும் என்று நினைத்தேன். ஒருவன் கம்பால் என் முழங்காலில் போட்டான், நான் வாசற்படியிலேயே விழுந்தேன், என்னைத் தாண்டி உள்ளே போய்விட்டார்கள், உள்ளே நடந்ததெல்லாம் கிடந்த இடத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது.

போனவனுக்குப் பேயாண்டி முகம் தெரியாது. தகப்பன் சாகும்போது அவன் தொட்டிலில் கிடந்தவன். உள்ளே இந்தக் கோடிக்கு அந்தக் கோடி வரிசையாகப் பாய், எல்லார் மேலும் ஒரே மாதிரி வெள்ளைப் போர்வை, எல்லார் கண்ணிலும் கட்டு, எல்லாருக்கும் முகம் மழித்திருக்கிறது. தலைமாட்டு அட்டையைப் பார்த்தால் மில்காரர் பெயரும் நகைக்கடைக்காரர் பெயரும்தான், குழாயில் பேயாண்டி என்று கேட்டதுமே அரிவாளைத் தேடியவன் வள்ளல் பெயரைக் காதில் வாங்கியிருக்கவில்லை. எவன்டா பேயாண்டி, சொல்லிருங்கடா, இல்லேன்னா அம்புட்டுப் பேரையும் வெட்டிருவேன் என்று கத்தினான். எழுந்து ஓடவும் முடியாது, பார்க்கவும் முடியாது, அந்தச் சனம் கையால் தலையை மூடிக்கொண்டு கிடந்தது. பேயாண்டிக்குப் புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு உண்டு, அந்தச் சண்டையில் காளையின் தகப்பன் போட்டது, அது வீட்டில் பேசிப் பேசிக் காளைக்குத் தெரியும். அந்தத் தழும்பைத் தேடிக் கட்டைப் பிய்க்க ஆரம்பித்தான். முதலில் பிய்த்தது ஒரு வண்டிக்காரரின் கட்டை, தெய்வாதீனமாக மேல் சுற்று மட்டும்தான் கழன்றது. அடுத்தது சுந்தரம்மாள். காட்டு வேலைக்குப் போகிற விதவை, ஒரு கண் முன்னமே போனது, மிச்சம் இருந்த ஒன்றுக்குத்தான் புரை எடுத்தது. கண் நல்லபடி ஆக வேண்டும் என்று அழகர்கோயிலில் முடி இறக்கிவிட்டு வந்திருந்தாள், மொட்டைத் தலையும் போர்வையுமாக ஆண்பிள்ளை போலக் கிடந்தாள். கட்டோடு சேர்த்து உள்ளே இருந்த பஞ்சையும் ஒரே இழுப்பில் பிடுங்கினான். அவள் போட்ட சத்தம் எனக்கு இப்போதும் லேத் ஓடும்போது கேட்கிறது. அவள் முகத்தில் கண்ணீரும் ரத்தமும் இன்னும் ஏதோ ஒன்றும் சேர்ந்து வழிந்தது. பொம்பளடா, பொம்பளடா என்று பக்கத்துப் பாயிலிருந்து யாரோ கத்தினார்கள். அவன் அடுத்த பாய்க்குப் போனான்.

அப்போதுதான் சுவர் ஓரத்தில் பேயாண்டி எழுந்து உட்கார்ந்தார். புரளாதே என்று டாக்டர் சொன்ன மனிதர் நேராக நிமிர்ந்து உட்கார்ந்து, ஏலே, நாந்தேன்டா பேயாண்டி, அவுக கண்ணை விடுங்கடா, இங்குட்டு வா என்றார். கட்டுக்கட்டிய முகத்தைச் சத்தம் வரும் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காளை ஓடிப்போய் ஒரு வீச்சு, தோளில் இறங்கியது, சுவரில் இருந்த மச்சினன் அட்டையெல்லாம் சிவப்பு. அதற்குள் நான் நொண்டிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். கையில் ஜெனரேட்டரைச் சுற்றிவிடும் ஹேண்டில் இருந்தது, நல்ல கனம். அடுத்த வீச்சை இடது கையால் மறித்தேன், விரல் போனது அப்போதுதான். ஹேண்டிலால் அவன் மணிக்கட்டில் அடித்தேன், அரிவாள் கீழே விழுந்தது. அரிவாள் விழுந்த பிறகு இன்னோர் அடி அடித்தேன். முழங்கைக்கு மேல், முழுப் பலத்தோடு. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அந்த இரண்டாவது அடியைத்தான் இன்று எல்லாரும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்காக நான் ஒரு துளியும் வருந்தவில்லை, உன்னிடம் ஒளிக்கவும் இல்லை. இன்னொரு தடவை அப்படி நடந்தால் இன்னொரு தடவையும் அடிப்பேன். மற்ற மூன்று பேரும் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

டாக்டர் வந்து சுந்தரம்மாள் இமையைப் பிரித்துப் பார்த்தார், விருந்துக்குப் போயிருந்த தலையை ஆட்டி, போச்சு என்றார். பேயாண்டிக்கு எடுத்த கண்ணும் போச்சு, உயிர் மட்டும் தங்கியது. போலீஸ் வந்தது, காளை மேல் ஒரு கேஸ், என் மேல் ஓர் எதிர்க் கேஸ், கொடுங்காயம் விளைவித்ததாக. கருத்தக்கண்ணன் அந்த இடத்திலேயே என் காதைக் கடித்தார், அண்ணே, ஜீப்புல பேர் சொன்ன விஷயம் வெளிய வர வேணாம், கிளப்பு பேரு கெட்டுப்போகும் என்று. என் கையிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருக்கிறது, அவருக்குக் கிளப்பின் பெயர்.

அப்புறம் ஒரு கூட்டம் போட்டார்கள். கருத்தக்கண்ணன் கழுத்தில் தலைவர் சங்கிலியைப் போட்டுக்கொண்டு, மரச் சுத்தியலால் மணியைத் தட்டி, சேவை செய்ற கையில இரும்பு எதுக்கு, உறுப்பினர் நல்லகாமன் சபையில் வருத்தம் தெரிவிக்கணும் என்றார். எதற்கு வருத்தம் என்றேன். ஆள் நிராயுதபாணியா நின்னப்ப அடிச்சதுக்கு என்றார். அவன் ஆயுதத்தோட நின்னப்ப நீங்க எந்த இலையில ஒக்காந்திருந்தீங்க என்று கேட்டேன். பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அவருக்குச் சூடேறிவிட்டது, பேட்ஜைக் கழட்டுங்க என்றார். சேவை செய்து வாங்கினது, வேணும்னா நீயே வந்து பிடுங்கிக்க என்றேன். அவர் மச்சினன், அதே உபயக்காரன்தான், எழுந்து வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தான். சட்டை கிழிந்தது, பேட்ஜ் ஊசி என் நெஞ்சில் கீறியது. நான் அவனைத் தள்ளினேன், அவன் மேஜை மேல் விழுந்தான், மணி உருண்டது, ஒருவர் நாற்காலியைத் தூக்கினார், தனிஸ்லாஸ் வாத்தியார் குறுக்கே வந்து அந்த நாற்காலியைத் தன் முதுகில் வாங்கிக்கொண்டார். இத்தனை படித்தவர்கள், அத்தனை பேரும் கோட்டோடு கட்டிப் புரண்டார்கள். மறுநாள் என்னை நீக்கிவிட்டதாகச் சொல்லி அனுப்பினார்கள். பேட்ஜ் என்னிடம்தான் இருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன்னிடம் மன்னிப்பு என்று சொன்னார்களே, அது வெறும் மன்னிப்பு இல்லை. ராஜி பேசுகிறார்கள். நான் சபையில் வருத்தம் தெரிவிக்க வேண்டும், காளை பக்கம் என் மேல் உள்ள கேஸை விட்டுவிடுவார்கள். பதிலுக்கு முகாமில் யாரும் யார் கட்டையும் பிய்க்கவில்லை, சத்தம் கேட்டுப் பயந்து கிழவி தானே பிய்த்துக்கொண்டாள் என்று நான் சொல்ல வேண்டும். படுத்திருந்தவர்கள் எல்லாருக்கும் கண்ணில் கட்டு, சமையல்காரன் அடுப்படியில் இருந்ததாகச் சொல்லிவிட்டான், கோட்டுப் போட்டவர்கள் விருந்தில் இருந்தார்கள். அந்தக் கூடத்தில் நடந்ததைப் பார்த்தவை என் இரண்டு கண்கள் மட்டும்தான் தாயி. அதனால்தான் என்னைச் சுற்றுகிறார்கள். பெரியாஸ்பத்திரியில் பேயாண்டியைப் போய்ப் பார்த்தேன், அவரும் தன்னை வெட்டியது யார் என்று தெரியாது என்று போலீஸிடம் சொல்லிவிட்டார். கண்ணுல கட்டு இருந்துச்சுல்ல, என்னத்தப் பாத்தேன், எனக்கும் அவன் அப்பனுக்கும் உள்ளது தீந்துபோச்சு, நீயும் விட்ருப்பா என்கிறார். அவருக்குத் தீர்ந்துவிட்டது. காளைக்கும் தீர்ந்துவிட்டது. கிளப்புக்கும் தீர்ந்துவிடும். சுந்தரம்மாளுக்கு யாருடன் என்ன பகை, அவளுக்கு எப்படித் தீரும்? ஒரு கறவை மாடு தருகிறோம் என்று அவளிடம் ஆள் அனுப்பியிருக்கிறார்கள். நான் போனபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், மயிர் கொஞ்சம் முளைத்திருந்தது. மாடு குடுக்குறாகளாம், அது அத்துக்கிட்டுக் காட்டுக்குள்ள போனா தேடப் போறது யாரு, கருத்தக்கண்ணனா என்று கேட்டாள். பிறகு, அண்ணே, நாந்தேன் பிச்சுக்கிட்டேன்னு ஊரெல்லாம் சொல்றாகளாமே, நெசமா நானா பிச்சுக்கிட்டேன், எனக்கே இப்பச் சந்தேகமாருக்கு என்றாள். அன்னக்கொடி, அதைக் கேட்டபோது எனக்குக் காளையின் இன்னொரு கையையும் முறிக்க வேண்டும் போல இருந்தது. கண்ணைப் பிடுங்கிவிட்டு, அதை அவளே பிடுங்கிக்கொண்டதாக அவளையே நம்ப வைக்கிறார்கள்.

என் வக்கீல் நல்லவர்தான், தன் தொழிலைச் சொல்கிறார். சாட்சி சொல்லுங்க, ஆனா அடிச்சதை ஒத்துக்காதீங்க, தரை ஈரத்துல வழுக்கி விழுந்து கை ஒடிஞ்சதுன்னு சொல்லுங்க, அரிவாள் விழுந்ததுக்கப்புறம் அடிச்சேன்னு நீங்களே சொன்னா எதிர்க் கேஸ்ல நிச்சயமா உள்ள போவீங்க என்கிறார். நான் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு அடுத்த வாயில் சுந்தரம்மாளுக்காக உண்மை சொன்னால் எந்த ஜட்ஜ் நம்புவார்? நடந்ததை நடந்தபடி சொல்லப் போகிறேன், இரண்டு அடியையும் சேர்த்து. போலீஸிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். வக்கீல் கேஸ் கட்டைத் தூக்கி மேஜையில் போட்டுவிட்டு, ஒங்கள மாதிரி கட்சிக்காரர் ரெண்டு பேர் இருந்தா நான் பிராக்டீசை மூடிறலாம் என்றார்.

போன வாரம் உன் மாமனார் நாலைந்து ஆட்களோடு வந்து தெருவில் நின்று, எம் மருமக இந்த வாசலை மிதிக்க மாட்டா, புள்ளையும் இங்க பொறக்காது, எங்க வீட்டுப் பையன் கைய ஒடிச்சவன் எங்களுக்குச் சம்பந்தி இல்ல என்று கத்தினார். கூட வந்தவன் ஒருவன் ஒர்க்‌ஷாப் கதவில் கல்லை விட்டான், வெளியே கிடந்த பம்பு செட்டைப் புரட்டிப் போட்டு உடைத்தார்கள். நான் இரும்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். உன் அம்மா இடுப்பைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைப் பூட்டினாள். இத்தனை மாதம் என்னோடு பேசாமல் சோற்றை மட்டும் வைத்துக்கொண்டிருந்தவள் அன்று வாய் திறந்தாள். பொம்பளப் புள்ள பிரசவத்தைவிட ஒங்க வீம்பு பெருசா, சேவை சேவைன்னு போயி விரலைக் குடுத்தீக, இப்ப மகளையும் குடுக்கப் போறீகளா என்று கேட்டாள். விடியும் வரை அழுதாள். காலையில் எழுந்து காப்பியை வைத்துவிட்டு, அவுக அனுப்பலேன்னா என்ன, நான் போறேன் எம் மக கிட்ட, நீங்க ஒங்க கோர்ட்டைக் கட்டிக்கிட்டு இருங்க என்றாள். அதுதான் முடிவு. பிரசவ லேகியம் கிண்டி வைத்துவிட்டாள், பழைய வேட்டிகளைத் துவைத்துக் கிழித்து மடித்து வைத்திருக்கிறாள், குழந்தைக்கு. தனிஸ்லாஸ் வாத்தியாரின் தம்பி ரயில்வேயில் இருக்கிறார், அவர் நாக்பூர் வரை கூட வந்து அங்கே வண்டி மாற்றி ஏற்றிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை ஸ்டேஷனுக்கு வந்தால் நல்லது, வராவிட்டால் நீ வராதே, யாராவது பக்கத்து வீட்டுக்காரரை அனுப்பு, வயிற்றைச் சுமந்துகொண்டு பிளாட்பாரத்தில் நிற்காதே. நான் வரவில்லை. வாய்தா ஐப்பசியில் வருகிறது, அதை விட்டுவிட்டு நான் ஊர் எல்லையைத் தாண்ட முடியாது, தாண்டவும் மாட்டேன். சுந்தரம்மாளை மதுரைக் கோர்ட்டுக்கு நான்தான் பஸ்ஸில் கையைப் பிடித்துக் கூட்டிப் போக வேண்டும், வேறு ஆள் கிடையாது.

நீ என்னைப் பிடிவாதக்காரன் என்று எழுதியிருக்கிறாய். சரிதான். உன் வளைகாப்புக்கு நம் வீட்டு வாசலில் பந்தல் போட வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லையா, உன் அம்மாவைவிட எனக்குத்தான் அந்த ஆசை, சொல்லிக்கொள்ளத் தெரியாது. ஆனால் அந்தப் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து எவன் முகத்தை நான் பார்க்க, அவள் தானே பிய்த்துக்கொண்டாள் என்று சொல்லிவிட்டு வந்த வாயால் உனக்கு எப்படி வாழ்த்துச் சொல்ல? என்னால் ஆகாது தாயி. உன் மேல் பாசம் இல்லாமல் இல்லை. காளை உனக்கு மச்சினன் முறை, மாப்பிள்ளைக்குப் பெரியம்மா மகன், அவருக்கு வேதனை இருக்கும் என்பதும் தெரியும். அவரோடு சண்டை போடாதே. சத்து மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடு, வெந்நீர் ஆறவைத்துக் குடி, குழாயடியில் குடத்தைத் தூக்காதே, மாப்பிள்ளை நைட் ஷிப்ட் போகும்போது உள்தாழ்ப்பாள் போட்டுக்கொள். பயமாக இருந்தால் பக்கத்து வீட்டு அம்மாளைக் கூப்பிட்டுக்கொள், மொழி தெரியாவிட்டாலும் பெண்களுக்குப் புரியும்.

ஒன்று மட்டும் மறக்காதே. இந்தக் கடிதத்தை ஒளித்து வைக்காதே, மாப்பிள்ளைக்கு முழுவதும் வாசித்துக் காட்டு, இரண்டாவது அடியைப் பற்றி எழுதியதையும் விடாதே. கட்டைப் பிய்த்ததை அவர் வீட்டார் எழுதியிருக்க மாட்டார்கள், அவர் என்னிடமிருந்தாவது தெரிந்துகொள்ளட்டும். பிறகு அவர் என்னை வெறுத்தால் தெரிந்து வெறுக்கட்டும். தீர்ப்பு எப்படி வரும் என்று தெரியாது. காளை உள்ளே போகலாம், நான் போகலாம், இரண்டு பேரும் ஒரே வண்டியில் போனாலும் போவோம். உனக்குச் சுகப்பிரசவம் ஆகட்டும், பிறப்பது ஆணோ பெண்ணோ தீர்க்காயுசாக இருக்கட்டும், நீயும் மாப்பிள்ளையும் ஒற்றுமையாக, பதினாறும் பெற்று வாழ வேண்டும். குழந்தை முகத்தைப் பார்க்க வருபவர்கள் அம்மாவைப் பெற்ற தாத்தா எங்கே என்று கேட்டால், ஊரில் வேலையாக இருக்கிறார் என்று பூசி மெழுகாதே. ஜெயிலில் இருந்தால் ஜெயில் என்றே சொல். எதற்காக என்று கேட்டால் சுந்தரம்மாள் பெயரைச் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா
க. நல்லகாமன்